பாலத்தில் இறங்கக் கூடாது

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சைக்கிள் மிதித்தாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். ஏறுவதற்கென்று எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு இடம், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே போகிற பாலம். ராயபுரத்துக்காரர்கள் வியாசர்பாடிப் பக்கம் போக வேண்டுமென்றால் அதை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற உறவினர்கள் அதைப் பார்த்து, "இதுவா ஏற்றம்?" என்று சிரிப்பார்கள். சேலை கட்டிக்கொண்டு, பின்னால் முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்களை வைத்துக் கட்டி, கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்றில் ஒருமுறை ஏறிவிட்டு வந்து அவர்கள் சிரிக்கட்டும். நானும் கூடச் சிரிக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஸ் என்று ஒன்று இருந்தது. அது நினைத்த நேரத்துக்கு வரும். வந்தாலும் நிற்காது, நின்றாலும் படியில் கால் வைக்க இடம் இருக்காது. சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான்காவது முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் இருந்த நர்ஸ் ஒருத்தி மாற்றலாகிப் போனாள். அவளுடைய லேடீஸ் சைக்கிள் எனக்கு வந்தது. அந்தச் சைக்கிள் இருந்தால் வேலை இருக்கும், சைக்கிள் போனால் வேலையும் போகும். என் நிலைமை அவ்வளவு சுருக்கமானது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிறவர். அதனாலோ என்னவோ, ஏறுவது பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார், மணியை ஒருமுறை அடித்தார்.

"ஓட்டு. வேணான்னு சொல்லல. ஆனா பாலத்துல எறங்கி தள்ளிகினு போவக் கூடாது. எவனாவது பாத்துட்டு வந்து என்னாண்ட சொன்னான், அன்னியோட இந்த சைக்கிளு வூட்டுல இருக்காது."

"ஏன் நைனா?"

"சைக்கிள்ல போற பொண்ண ஒருத்தன் ஒரு நிமிசம் பாப்பான். அதுக்குள்ள நீ போய்கினே இருப்ப. தள்ளிகினு நடந்தா பாலம் முடியிற வரைக்கும் கூடவே நடந்து வருவான். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். அப்பா மணியை இன்னொருமுறை அடித்துப் பார்த்தார்.

அப்பா வாய்ச்சொல்லாக மிரட்டுகிற ஆள் இல்லை. என் தம்பி சொல்பேச்சுக் கேட்காமல் கடலில் குளித்துவிட்டு வந்த அன்றே அவனுடைய பட்டம், நூல், மாஞ்சா எல்லாம் அடுப்புக்குள் போனது எனக்குத் தெரியும். அதோடு அவருக்குத் தோஸ்துகள் இல்லாத மூலை ராயபுரத்தில் கிடையாது. பாலத்தின் அடியிலேயே ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அடுப்படியில் நின்றால் உச்சிவரைக்கும் முழு ஏற்றமும் அவர் கண்ணுக்குத் தெரியும். அப்பா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் பாலத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், மிதித்துப் போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் வணக்கம் கிடையாது. வணக்கம் சொன்னால் நீ இறங்கியதை நான் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். துறைமுகத்து ஆட்கள், ரயில்வே ஆட்கள் எல்லாரும் உடம்பை நம்பிப் பிழைக்கிறவர்கள். மூச்சு வாங்குவதை இன்னொருவன் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்காது. டீக்கடைக்காரரும் அப்படித்தான். தெரிந்த ஆள் யாராவது சைக்கிளை விட்டு இறங்கினால், அவர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக் கரியைக் கிளற ஆரம்பித்துவிடுவார். எனக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. என்னை அவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் பாலம் ஏறுவதற்கு ஒரே முறைதான் வைத்திருந்தார்கள். டீக்கடைக்கு நூறு கஜம் முன்னாலேயே பேய் பிடித்த மாதிரி மிதிக்க ஆரம்பிப்பார்கள். அந்த வேகத்தில் மூன்றாவது விளக்குக் கம்பம் வரைக்கும் போய்விடலாம். அப்புறம் சீட்டை விட்டு எழுந்து நின்று, உடம்பு முழுவதையும் மாற்றி மாற்றிப் பெடல் மேல் போட்டு மிச்சத்தைக் கடப்பார்கள். உச்சிக்கு ஏழு கம்பங்கள். முதல் நாள் நானும் அப்படியே செய்தேன். நின்று மிதிக்கப் பார்த்தபோது சேலைக் கொசுவம் பெடலில் சிக்கிக் கிழிந்தது. சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, எப்படி ஏறினேன் என்று தெரியாமல் ஏறினேன். பள்ளியில் மேஜைக்குப் பின்னாலிருந்து நகராமலே அன்றைய பாடத்தை நடத்தினேன்.

நின்று மிதிக்க முடியாத ஆளுக்கு வேகம் உதவாது. வேகம் மூன்றாவது கம்பத்தில் செத்துவிடும், அதற்குப் பிறகு செத்த வேகத்தையும் சேர்த்து நாம்தான் இழுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைவண்டி இழுக்கிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூட்டை ஏற்றிய வண்டியோடு அவர்கள் ஒருநாளும் நேராக ஏற மாட்டார்கள். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வாகப் போவார்கள், அங்கிருந்து திரும்பி மறுபடி இந்த ஓரம். தூரம் கூடும், ஏற்றம் குறையும். நானும் வளைந்து வளைந்து போக ஆரம்பித்தேன். பின்னால் லாரி வராத நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, ரோட்ட அளந்துகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டால் கேட்கட்டும். அவருக்கு என்ஜின் இருந்தது.

மற்ற விஷயங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். சைக்கிள் கடையில் சீட்டை இறக்கி வைத்திருந்தார்கள், கால் தரையில் பட வேண்டுமாம். பெண்பிள்ளை என்றால் விழுந்துவிடுவாள் என்று அவர்களாகவே ஒரு முடிவு. இரண்டு விரற்கடை உயர்த்தச் சொன்ன பிறகு முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. நடுப்பாதத்தால் மிதிக்கக் கூடாது, பாதத்தின் முன்பகுதியால் மிதிக்க வேண்டும். நோட்டுகளை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஆடும், பின்னால் கட்டினால் ஆடாது. கைகளால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதால் ஒரு பலனும் இல்லை, தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, உச்சியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது தள்ளித் தள்ளிப் போகும். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லுவேன். பதினாறாம் வாய்ப்பாட்டை மெதுவாக இரண்டு முறை சொன்னால் பாலம் முடிந்துவிடும். எதிர்காற்று பலமாக இருந்தால் பத்தொன்பதாம் வாய்ப்பாடு. அது கஷ்டமான வாய்ப்பாடு, கால் வலி நினைவுக்கு வராது.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் மேற்கே போகும்போது நிலத்திலிருந்து காற்று எதிரே வரும். சாயங்காலம் கிழக்கே திரும்பும்போது கடற்காற்று எதிரே வரும். இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது காற்று என் முதுகைத் தள்ளியதாக ஞாபகம் இல்லை. கடவுள் அப்பாவின் பக்கம் இருந்தார் என்றே அப்போது நினைத்தேன்.

ஒருநாள் காய்ச்சலோடு வந்தேன். என்னால் முடியவில்லை. மெதுவாக ஏறிக்கொண்டிருந்த லாரியின் பின்னால் தொங்கிய கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உச்சிவரை போய்விட்டேன். ஆண்கள் தினமும் செய்கிற வேலைதான். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும் முன்னாலேயே விஷயம் நுழைந்திருந்தது.

"லாரிய புடிச்சிகினு போறது ஏறனதுல சேராது," என்றார் அப்பா.

"எறங்கனதுலயும் சேராது நைனா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. ஆனா இன்னொரு தபா புடிக்காத. கை போயிடும்," என்றார்.

இன்னொரு நாள் ஐந்தாவது கம்பத்தில் செயின் கழன்றுவிட்டது. சீட்டை விட்டு இறங்காமல், கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கைவண்டிக்காரர் ஒருவர் வண்டிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திவிட்டு வந்து செயினை மாட்டிக் கொடுத்தார். நான் ஏன் இறங்கவில்லை என்று அவர் கேட்கவில்லை, கால் ஊனம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. போகும்போது, "ஜாக்கிரதயா போம்மா," என்றார், மிகவும் இரக்கமாக.

இப்படி ஒரு வருஷம் போன பிறகு அப்பாவைக் கிரேனிலிருந்து எடுத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் போட்டார்கள். "மேல இருந்தது போதும்னு கீழ எறக்கி உட்டானுங்க," என்று சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னார். கிடங்குச் சாவி தன்னிடம் இருப்பதால் சீக்கிரம் போய்த் திறக்க வேண்டும் என்று, நன்றாக விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் பூட்டிவிட்டு இருட்டிய பிறகு வருவார். நான் போவது காலை ஏழே முக்காலுக்கு, திரும்புவது ஐந்து மணிக்கு. ஒரே பாலத்தைத் தினமும் இரண்டு பேரும் கடந்தோம், ஒருநாளும் அதன்மேல் சந்தித்துக்கொள்ளவில்லை. அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளியை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் பாலத்துக்கு வரும்போது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது, வடகிழக்கிலிருந்து காற்று. பட்டறைகளையும் கிடங்குகளையும் கூட மூடிவிட்டிருந்தார்கள் போல, பாலம் நிறைய ஆட்கள். ஒருவர் கூட மிதித்து ஏறவில்லை. எல்லாரும் இறங்கித் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கவில்லை. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? புயல் என்றால் இறங்கலாம் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்து, ஓரத்துக்கு ஓரம் வளைந்து, நடந்து போகிறவர்களை விட மெதுவாகப் போனேன். முதல் கம்பம், இரண்டாவது கம்பம். நான்காவது கம்பத்துக்குப் போனபோது எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நாலு அடி நடந்து நிற்பார். வலது முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிறகு நாலு அடி. காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்தச் சட்டைக்குக் கழுத்துப்பட்டையில் ஒட்டுப் போட்டுத் தைத்தவள் நான்.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு முதலில் வந்தது கோபம். காய்ச்சலிலும் நான் ஏறியிருக்கிறேன். மாதத்தில் மூன்று நாள் வயிற்று வலியோடு ஏறியிருக்கிறேன். கம்பத்தைக் கட்டிக்கொண்டு நொண்டி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். சட்டம் போட்டவர் இதோ நடந்து போகிறார். பழக்கப்படி முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடலாம், எனக்கும் சட்டம் மீறாது, அவருக்கும் மானம் போகாது. தாண்டிப் போவதற்காக அழுத்தி மிதிக்கவும் செய்தேன். பக்கத்தில் போனபோது அவர் மூச்சு விடுகிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. நான் இறங்கிவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பாலத்தில் கால் வைத்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு எறங்கன?"

"காத்து நைனா."

"காத்துன்னா? ஏறு. எவனாவது பாத்துட்டு வந்து என்னாண்ட சொல்லப் போறான்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. முகம் அவ்வளவு கவலையாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"முட்டி ஏணில ஏற மாட்டேன்னிச்சி. அதான் கிரேன உட்டு எறக்கனாங்க. உங்கம்மாவாண்ட சொல்லிகினு இருக்காத." மறுபடி நாலு அடி நடந்து நின்றார். "வெடியறதுக்கு முன்ன வந்தா பாலத்துல ஆளு இருக்காது. மெள்ள தள்ளிகினு பூடுவேன்."

அவர் சீக்கிரம் கிளம்பியது சாவிக்காக இல்லை, இதற்காகத்தான். ஒரு வருஷமாக என் அப்பா தன் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் பாலத்துக்குக் கொடுத்திருக்கிறார், பக்கத்துப் பாயில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டது. வெட்கம்தான் மிஞ்சியது. அவருடைய சைக்கிளையும் நானே தள்ளுகிறேன் என்றேன். முறைத்தார். அதனால் என் சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு அவருக்கும் காற்றுக்கும் நடுவில் நடந்தேன். அவர் நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். உச்சிக்குப் போனதும், "இனிமே எறக்கந்தான்," என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளில் ஏறிக்கொண்டார். இறக்கத்தில் என் பிரேக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

வீட்டில் அம்மா இரண்டு பேருக்கும் துண்டு கொடுத்துவிட்டுக் காப்பி போட்டாள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"உம்பொண்ணு இன்னிக்கி பாலத்துல எறங்கிட்டா."

அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "யார் பார்த்து வந்து சொன்னது?"

"யாரும் சொல்லல. நாந்தான் பாத்தேன்."

"அப்போ சைக்கிள்?"

அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததே இல்லை. காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பிரேக் கட்ட தேஞ்சி பூட்சி. மாத்தணும்," என்றார்.

புயல் கடந்து மூன்றாம் நாள் பள்ளி திறந்தது. விடிந்த பிறகும் அப்பா வீட்டிலேயே இருந்தார். நான் சைக்கிளை வெளியே எடுத்தபோது அவரும் தன்னுடையதை எடுத்தார். ஏழே முக்கால் மணிக்கு, ஊர் முழுக்க வேலைக்குப் போகிற நேரத்தில், இரண்டு பேரும் பாலத்தடிக்கு வந்தோம். டீக்கடை நிறைய ஆட்கள், பாதிப் பேர் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். அப்பா சைக்கிளை விட்டு இறங்கினார். நானும் இறங்கினேன்.

டீக்கடைக்காரர் உடனே எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரியைக் கிளற ஆரம்பித்தார். அவர் திரும்பிய வேகத்தைப் பார்த்தபோது, இதை ஒரு வருஷமாகத் தினமும் செய்து வருகிறார் என்பது எனக்குப் புரிந்தது. கடையில் இருந்த மற்றவர்களும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

"மாமு," என்று அப்பா கூப்பிட்டார். "அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சிகினு கீது. இப்பிடி திரும்பு."

டீக்கடைக்காரர் திரும்பினார். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார். அப்பா ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து வணக்கம் சொல்லிவிட்டு, முதல் கம்பத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்.